இருபதாவது பலகை

மார்ச் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு நாற்பதுக்கு, பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் உள்ள பளுதூக்கும் கூடத்தில், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் முப்பத்தொரு வயதுக்காரர் ஒருவர் நூற்று முப்பத்தொரு கிலோவைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றினார். மணி அடித்தது.

மணி அடித்தால் அந்தத் தூக்கல் செல்லாது. அதனால் கூடத்தில் இருந்த பதினான்கு பேரில் யாரும் கைதட்டவில்லை. சலவை என்று எல்லோராலும் அழைக்கப்படும் அந்த மனிதர் எடை மாட்டிய இரும்புத் தண்டான பாரைக் கீழே போட்டுவிட்டு, அது துள்ளி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாரை ஒரே இழுப்பில் தரையிலிருந்து தோளுக்குக் கொண்டுவருவதற்குக் கிளீன் என்று பெயர். உடம்பில் எங்கும் தங்காமல் சுத்தமாக வர வேண்டும் என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இழுத்த பாருக்கு அடியில் குந்தி உட்கார்ந்து வாங்கி, பிறகு எழுந்தால் அது வெறும் கிளீன். முழங்காலைச் சற்றே மடக்கி, ஏறக்குறைய நின்றபடியே வாங்கினால் பவர் கிளீன். தொடை தரைக்கு இணையாகப் படுத்துவிட்டால் பவர் போய்விடும். "உட்கார்ந்து வாங்குறவன் கெட்டிக்காரன், நின்னு வாங்குறவன் பலசாலி" என்பது அந்தக் கூடத்தின் பழமொழி. காலை அகலமாக வீசி, முழங்காலை அதிகம் மடக்காமலே உடம்பைத் தாழ்த்தித் தப்பிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தவளை என்று பெயர். செல்லும், ஆனால் யாரும் மெச்ச மாட்டார்கள்.

சிக்கல், 'ஏறக்குறைய' என்ற சொல்லில் இருந்தது. பார் தோளில் விழும் அந்த ஒரு நொடியில் தொடை எங்கே இருந்தது என்று பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நண்பனுக்கு மேலே தெரிந்தது, வேண்டாதவனுக்குக் கீழே தெரிந்தது. இந்த அடிதடிக்கு முடிவு கட்டியவர் ஒரு தையல்காரர்.

அவர் பளு தூக்குகிறவர் அல்ல. தங்கையின் கணவரை அழைத்துப் போக ஒருநாள் வந்தவர், சண்டையைக் கேட்டுவிட்டு, "கண்ணால அளந்து யாராவது சட்டை தைப்பானா?" என்று கேட்டார். அடுத்த வாரம் ஒரு கட்டு மரப்பலகையோடு வந்தார். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் கனம். ஆளைப் பலகை அடுக்கின்மேல் உட்கார வைத்து, தொடைமேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவுக்கு வரும்வரை பலகையைக் கூட்டினார், குறைத்தார். குமிழி நின்றபோது எத்தனை பலகை என்று நோட்டில் எழுதிக்கொண்டார். தூக்குகிறவருக்குப் பின்னால் இரண்டு கம்பங்களுக்கு இடையே அந்த உயரத்தில் பாவாடை எலாஸ்டிக் ஒன்றைக் கட்டி, ஓரத்தில் சின்ன மணியைத் தொங்கவிட்டார். பின்புறம் எலாஸ்டிக்கைத் தொட்டால் மணி அடிக்கும். அதற்குப் பிறகு கூடத்தில் சண்டை இல்லை. தையல் கடைகளில் வெட்டுகிறவரை மாஸ்டர் என்பார்கள். ஒரு தடவைகூடப் பாரைத் தொடாத அவரைப் பளுதூக்கும் கூடமும் மாஸ்டர் என்றே கூப்பிட்டது.

சுவரில் இரண்டு பட்டியல்கள் உண்டு. இடப்புறம் பவர் கிளீன், வலப்புறம் கிளீன். ஒவ்வொன்றிலும் பத்து வரி. அதற்குமேல் இடம் இல்லை. இடப்புறத்தின் முதல் வரியில் மூன்று ஆண்டுகளாக ஒரே எண் இருந்தது: நூற்று முப்பது. அதற்குரியவர் மாஸ்டரின் தங்கை கணவர், பணிமனை மெக்கானிக். கையில் எப்போதும் கறுப்பு ஒட்டியிருந்ததால் கிரீஸ் என்று கூப்பிட்டார்கள். சுவரிலும் அப்படியே எழுதியிருந்தார்கள். பதினான்கு மாதங்களுக்கு முன் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, மூன்றாம் நாள் இறந்துபோனார். நாற்பத்திரண்டு வயது.

அவர் தூக்கிய நூற்று முப்பதைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கால் அரை அடிகூட நகரவில்லை என்பார்கள். பார் தோளில் விழுந்த சத்தமும் பாதம் தரையில் பதிந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டது என்பார்கள். இரண்டு சத்தம் கேட்டால் உடம்பில் ஏதோ ஒன்று தாமதம் என்று அர்த்தம். அன்று ஒரே சத்தம். மணி அடிக்கவில்லை.

பட்டியலின் இரண்டாம் வரியில், நூற்று இருபத்தாறோடு, சலவை இருந்தார்.

"மாஸ்டர், ஊர்ல இருக்கிற நோயாளிங்க பெட்ஷீட்டெல்லாம் நான்தான் கிளீன் பண்றேன். என் கிளீன் மேலயே சந்தேகமா?" என்றார் சலவை, பிடி நழுவாமல் கையில் பூசியிருந்த சாக்பொடியைத் தட்டியபடி.

"நான் எங்கப்பா சந்தேகப்பட்டேன்? மணி பட்டுச்சு."

"லேசாத்தான் பட்டுச்சு."

"லேசா கர்ப்பம்னு உண்டா?" என்றார் செயலாளர். பேருந்து ஓட்டுநரான அவர்தான் கூடத்தின் சாவியை வைத்திருப்பவர். எல்லோரும் சிரித்தார்கள். சலவையும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"ஒரு விஷயம் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கிரீஸ் அண்ணன் போனப்புறம் அவரோட யூனிஃபார்ம் பேன்ட் ரெண்டு எனக்குக் குடுத்தீங்கல்ல? ஒரு தையல்கூடப் பிரிக்கல. முட்டிக்கு வச்சுத் தெச்சிருந்த ஒட்டு சரியா என் முட்டியில உக்காருது. அப்போ அவர் காலும் என் காலும் ஒண்ணுதானே? அவருக்கு எத்தனை பலகை?"

மாஸ்டர் நோட்டைத் திறந்தார். கிரீஸின் பக்கத்தில் பத்தொன்பது என்று இருந்தது. சலவையின் பக்கத்தில் இருபது.

"ஒரு பலகை வித்தியாசம்" என்றார் மாஸ்டர்.

"ஏன்?"

"தொடைக் கனம் ஆளுக்கு ஆள் மாறும்பா."

அது உண்மைதான். ஆனால் இரண்டு சென்டிமீட்டர் மாறாது என்பது மாஸ்டருக்குத் தெரியும். நோட்டின் அந்தப் பக்கத்து ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அந்த அளவை எங்கே எடுத்தார் என்பது நினைவுக்கு வந்தது. கூடத்தில் அல்ல, கடையில். வேலை முடிந்து நேராக வந்த மாப்பிள்ளை, எண்ணெய் ஊறிய பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து பலகைமேல் உட்கார்ந்தார். கழற்றச் சொன்னவர் மாஸ்டர்தான். "செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க" என்பது அவர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லும் வாக்கியம். பேன்ட்டுக்கு அளவெடுப்பது வெறுங்காலில்தான்.

குதிகால் உயர்ந்த பளுதூக்கும் ஷூ கிரீஸிடம் அப்போது இல்லை. இரண்டு மாதம் கழித்து வாங்கினார். ஷூ போட்டால் முழங்கால் உயரும், தொடை உயரும், எலாஸ்டிக்கும் அந்த அளவுக்கு உயர்ந்தாக வேண்டும். யாரும் மறுபடி அளக்கவில்லை. சலவை கூடத்துக்கு வந்த முதல் நாளே ஷூவோடு வந்தார், ஷூவோடு அளக்கப்பட்டார்.

மாஸ்டர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

கூரை ஒழுகி ஈரம் இறங்கியதில் சுவரின் எழுத்துகள் பாதி உரிந்திருந்தன. சனிக்கிழமை பெயின்டர் வந்து இரண்டு பட்டியல்களையும் புதிதாக எழுதுவதாக ஏற்பாடு. யார் யார் பெயர், எந்த எண் என்று சுத்தமான பிரதி ஒன்றை எழுதித் தரும் வேலை மாஸ்டருடையது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் அந்தக் காகிதத்தை எடுத்தார், முதல் வரியை எழுதாமல் இரண்டாவதிலிருந்து தொடங்கினார், மடித்து வைத்தார். கிரீஸின் தூக்கல் பவர் கிளீன் இல்லையென்றால் அது வெறும் கிளீன்; வலப்புறம் போக வேண்டும். வலப்புறத்தின் பத்தாவது வரி நூற்று முப்பத்து நான்கு. அதாவது நூற்று முப்பதுக்கு அங்கே இடம் இல்லை. மாப்பிள்ளையின் பெயர் சுவரிலேயே இருக்காது.

புதன்கிழமை மாலை அவர் தங்கையின் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. தங்கை ஒரு பரிசோதனைக்கூடத்தில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலையிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள்.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம? உக்காரு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"மாப்ள தூக்குன வீடியோ உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"பாக்கணும்."

"வீடியோ பாக்கவா மூணு மாடி ஏறி வந்தே? முட்டி வலின்னு போன வாரம் என் உயிரை எடுத்தே."

மாஸ்டர் சொன்னார். பலகை, பூட்ஸ், ஷூ, சனிக்கிழமை வரப்போகும் பெயின்டர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் எழுந்து, உள்ளறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். அதில் கிரீஸின் பளுதூக்கும் ஷூ இருந்தது. நாடாக்கள் கடைசியாக அவிழ்த்தபடியே கிடந்தன.

வீடியோவைத் தொலைக்காட்சியில் போட்டாள். கூட்டம் முன்னால் நின்றதால் அவள் பின்னாலிருந்து எடுத்தது. கிரீஸின் முகம் அதில் எங்கும் இல்லை. முதுகும், கழுத்தும், மாஸ்டர் தைத்த நீல நிறக் கால்சட்டையும், அதற்குக் குறுக்கே எலாஸ்டிக்கும் தெரிந்தன. குனிந்தார். பிடித்தார். பார் ஏறியது. ஒரே சத்தம். பிறகு கூச்சல், அதற்கு நடுவே அவளுடைய சிரிப்பு.

"கொஞ்சம் இடம் தெரியுதே" என்றார் மாஸ்டர். "எலாஸ்டிக்குக்கு மேலதான் நிக்கிறாரு."

"நின்னாப் பத்தாது. ரெண்டு சென்டிமீட்டர் வேணும். அதானே நீ சொல்றது?"

"ஆமா."

"டேப் வச்சிருக்கியா?"

கழுத்தில்தான் இருந்தது. கடையிலிருந்து கிளம்பும்போது கழற்ற மறந்திருந்தார்.

அவள் படத்தை நிறுத்தி, இடுப்பிலிருந்து பாதம்வரை திரை முழுக்க வரும்படி பெரிதாக்கினாள். ஷூ ஒன்றை எடுத்துத் திரையில் தெரிந்த ஷூவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திரையில் இருந்தது கொஞ்சம் சிறிது. மறுபடி பெரிதாக்கினாள்.

"நீளத்தை வச்சுப் பாரு" என்றார் மாஸ்டர்.

"பாதம் வெளிப்பக்கமாத் திரும்பியிருக்கு. நீளம் ஏமாத்தும். குதிகால் உயரம் ஏமாத்தாது."

குதிகாலின் அடியிலிருந்து கணுக்கால் விளிம்புவரை கையிலிருந்த ஷூவும் திரையில் இருந்த ஷூவும் ஒன்றானபோது நிறுத்தினாள். திரையில் நின்ற உடம்பு இப்போது அதன் சொந்த அளவில் இருந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும், அந்த அறையில், உயிரோடு இருந்த உயரத்தில்.

ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். இறங்குகிறது, இறங்குகிறது, நிற்கிறது, ஏறுகிறது. மிகத் தாழ்ந்த படத்துக்குத் திரும்பி வந்து, நகர்ந்தாள்.

"அள."

"நீயே அளந்து சொல்லேன்மா."

"நான் படம் எடுக்கிறவ. என்ன தெரியுதுன்னு சொல்றது என் வேலை இல்ல. தினமும் எத்தனை பேர் என் மூஞ்சியப் பாத்துக் கேக்குறாங்க தெரியுமா? எல்லாருக்கும் அதேதான் சொல்றேன். நீ அள."

மாஸ்டர் மண்டியிட்டு, எலாஸ்டிக்குக்கும் கால்சட்டைக்கும் நடுவே டேப்பைத் திரையில் வைத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"ஒண்ணேகால்."

"சரி."

"துணி இருக்குல்ல. கால்சட்டை கொஞ்சம் தொளதொளன்னு தச்சிருந்தேன். அது ஒரு கால் சென்டிமீட்டர் தொங்கும். உடம்பு அதுக்கு மேலதான்."

"அப்போ ஒண்ணரை."

"அரை சென்டிமீட்டர்தானே குறையுது. தையல்ல நான் அதை விட்டுடுவேன். கஸ்டமர் கேக்கவே மாட்டான்."

"எலும்புல அரை சென்டிமீட்டர்னா முறிவுண்ணே."

அவர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். ஷூவைப் பெட்டியில் வைத்து மூடியை அழுத்தினாள். அதே குரலில் பேசினாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் ஒண்ணு சொன்னார். உன்கிட்ட சொன்னதில்ல. 'கொஞ்சம் கீழ போயிட்டேனோன்னு இருந்துச்சு. மணி அடிக்கும்னு காத்திருந்தேன், அடிக்கல'ன்னார். நான், அப்படின்னா மறுபடி ஒரு தடவை தூக்குங்களேன்னேன். 'எதுக்கு? உங்கண்ணன் அளவு தப்பாது'ன்னுட்டார்."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டினார். சுருட்டி முடித்துப் பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"சுவர்ல எழுதுறது உன் கையிலதான் இருக்கு" என்றாள் அவள். "நீ எதை எழுதினாலும் நான் ஏன்னு கேக்கப் போறதில்ல. சாப்பிட்டுப் போறியா?"

"வேணாம்மா."

"சாப்பிடு. அளந்ததுக்கும் பசிக்கும் சம்பந்தமில்ல."

சாப்பிட்டார். கிளம்பும்போது அவள் ஒரு சிறு காகிதத்தை நீட்டினாள். வேலையில் எழுதுவதுபோலவே எழுதியிருந்தாள்: வீடியோவின் தேதி, பின்புறத் தோற்றம், அளவுகோல் ஷூவின் குதிகால் உயரம். முடிவு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பெயின்டர் ஏணியோடு வந்துவிட்டார். பழைய எழுத்துகளைச் சுரண்டி, வெள்ளை அடித்து, கோடு போட்டு வைத்திருந்தார். மாஸ்டர் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"முதல் வரியை விட்டுட்டீங்க மாஸ்டர்."

"விடல. அதான் முதல் வரி."

மாஸ்டர் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். தவறு மாப்பிள்ளையுடையது இல்லை, தன்னுடையது என்று இரண்டு முறை சொன்னார். முடிவு என்ற இடத்தில் தன் கையெழுத்தில் ஒன்றரை என்று நிரப்பியிருந்த காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"உமக்கென்ன பைத்தியமா?" என்றார் செயலாளர். "செத்தவரு பேரை யாராவது எடுப்பாங்களா? யாரு கேட்டா உம்மை? நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோம். ஒரே சத்தம்யா! ஒரே சத்தம்!"

"சத்தம் ஒண்ணுதான். தூக்குனதும் நூத்தி முப்பதுதான். அதுல ஒரு கிராம் குறையல. பேருதான் வேற."

"உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அளக்கச் சொன்னதே அவதான்."

பிறகு எல்லோரும் சலவையைப் பார்த்தார்கள். பட்டியலின் முதல் வரியில் இப்போது அவர் இருந்தார், நூற்று இருபத்தாறோடு. அவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்தும் நிமிரவில்லை.

"நான் பேன்ட்டைப் பத்தித்தான் கேட்டேன்" என்றார். "இதைக் கேக்கல."

"தெரியும்."

"எனக்கு வேணாம் மாஸ்டர். நான் ஏறல, அவர் இறங்கிட்டாரு. அதுல என்ன இருக்கு?"

"வேணும் வேணாம்னு சொல்றதுக்கு இது என்ன விருந்தா? நீ தூக்குனது நூத்தி இருபத்தாறு, மணி அடிக்கல. அது முதல் வரி. அவ்வளவுதான்."

"முதல் வரியைக் காலியா விட்டுடலாமே" என்றார் ஒருவர் பின்னாலிருந்து. சிலர் ஆமோதித்தார்கள். செயலாளரும் தலையாட்டினார். மாஸ்டர் மட்டும் யோசித்தார்.

"காலியா விட்டா அடுத்த வருஷம் வர்றவன் ஏன் காலின்னு கேப்பான். ஒவ்வொருத்தன்கிட்டயும் இந்தக் கதையைச் சொல்லணும். மாப்ளையோட தப்பு மாதிரி அது நிக்கும். வேணாம்."

பெயின்டர் ஏணியிலிருந்து கேட்டார்: "ஐயா, கலர் காயுது. மேல என்னதான் எழுதுறது?"

சலவை எழுந்து போய், ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நூத்தி இருபத்தாறு" என்றார்.

இடப்புறப் பட்டியலில் ஒன்பது வரிகள் நிரம்பின. பத்தாவது காலியாக இருந்தது. வலப்புறத்தில் எதுவும் மாறவில்லை. மாஸ்டர் அன்று மதியம் கூடத்தில் இருந்த எல்லோரையும் ஷூவோடு மறுபடி அளந்தார். மூன்று பேருக்கு ஒரு பலகை கூடியது. அவர்களில் இருவரின் வரிகள், ஷூ வாங்குவதற்கு முன் தூக்கிய எண்ணுக்கு இறங்கின. நோட்டில் கிரீஸின் பக்கத்தில் பத்தொன்பதை அடித்துவிட்டு இருபது என்று எழுதி, பக்கத்தில் 'ஷூவோடு' என்று சேர்த்தார்.

ஏப்ரல் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு, சலவை மறுபடியும் நூற்று முப்பத்தொன்றை முயன்றார். எலாஸ்டிக் இருபது பலகை உயரத்தில் இருந்தது. மாஸ்டரின் தங்கை அன்று வந்திருந்தாள். பின்னால் நின்று வீடியோ எடுத்தாள். பார் தோளுக்கு ஏறியது. மணி அடித்தது.